அடித்துவிட்டு ஓடும் வண்டிகள்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

"அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் சாவு." தினசரிப் பத்திரிகைகளின் உள்பக்கத்தில், நாலே வரியில், இந்தச் செய்தி வராத நாள் இல்லை. மாண்டவரின் பெயர் இருக்கும், வயது இருக்கும், ஊர் இருக்கும். "போலீசார் விசாரித்து வருகின்றனர்" என்ற கடைசி வரியும் தவறாமல் இருக்கும். அந்த விசாரணை எங்கே போய் முடிந்தது என்ற செய்தி மட்டும் வருவதே இல்லை.

மாண்டவர் யார்? காரில் போனவரா? இல்லை. பெரும்பாலும் நடந்து போனவர், சைக்கிளில் போனவர், பழைய மொபெட்டில் போனவர், வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ இருந்தவர்.

மதுரை-திண்டுக்கல் ரோட்டில் பரவையில் ஒரு நாள் நின்று பார்த்தால் இது விளங்கும். பொழுது விடியுமுன்னே காய்கறி லாரிகள் மார்க்கெட்டை நோக்கி விரைகின்றன. இரவு ஷிப்டு முடிந்த மில் தொழிலாளி தூக்கக் கண்ணோடு வீடு திரும்புகிறார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் தூக்குச்சட்டியுடன் ரோட்டோரத்தில் வேனுக்காகக் காத்து நிற்கிறார்கள். சமயநல்லூர்ப் பக்கம் போனால் நாலுவழிச் சாலை. அங்கே வண்டிகள் பறக்கின்றன. பல இடங்களில் நடப்பதற்குப் பாதை இல்லை, கடப்பதற்கு வழி இல்லை, இரவில் வெளிச்சமும் இல்லை.

இந்த ரோட்டில் ஒருவர் அடிபட்டு விழுந்தால், இடித்த வண்டி நின்றால் ஒரு கதி, நிற்காமல் ஓடிவிட்டால் வேறு கதி. அந்த வேற்றுமைதான் இன்று நாம் எழுத வந்த விஷயம்.

கணக்கு சொல்லும் கதை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. 2022ம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துக்கள். மாண்டவர் 1,68,491 பேர். இவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் பெற்ற மாநிலம் நமது தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 சாவுகள்.

அதே ஆண்டில், இடித்துவிட்டு வண்டி ஓடிப்போன விபத்துக்கள் 67,387. அவற்றில் மாண்டவர் 30,486 பேர். அதாவது நாள் ஒன்றுக்கு 83 பேர் ரோட்டில் விழுந்து சாகிறார்கள். சாகடித்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

அடிபட்ட உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் இவர்களில் உண்டு என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். ஓடிப்போகிறவன் அந்த அவகாசத்தையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். ஆகவே இடித்தது அஜாக்கிரதையாக இருக்கலாம். ஆனால் விட்டுவிட்டு ஓடியது அஜாக்கிரதை அல்ல, தெரிந்தே செய்த குற்றம்.

வண்டி கிடைத்தால் ஒரு விலை, கிடைக்காவிட்டால் ஒரு விலை

உழைப்பாளிக் குடும்பத்துக்கு இதில் வேறொரு நஷ்டமும் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை.

இடித்த வண்டி எது என்று தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166வது பிரிவின்படி டிரிப்யூனலில் வழக்குப் போடலாம். மாண்டவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் பார்த்து நஷ்டஈடு விதிப்பார்கள். யார்மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்பதானால் 164வது பிரிவில் சாவுக்கு 5 லட்சம், பெருங்காயத்துக்கு 2½ லட்சம் உண்டு.

வண்டி எது என்றே தெரியாவிட்டால்? 161வது பிரிவின்படி சாவுக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000. அவ்வளவுதான்! மாண்டவர் 25 வயது வாலிபராயினும் சரி, நாலு குழந்தைகளுக்குத் தகப்பனாயினும் சரி, இதே தொகைதான். போனது அதே உயிர், வீட்டில் அணைந்தது அதே அடுப்பு. இடித்தவன் ஓடிவிட்டான் என்ற ஒரே காரணத்தால் நஷ்டஈடு சுருங்கிவிடுகிறது. போலீசார் வண்டியைக் கண்டுபிடிக்கத் தவறியதற்கு அபராதம் கட்டுகிறவர், செத்தவரின் மனைவி!

இந்த 2 லட்சம் கூட நேற்று வந்ததுதான். 1982ல் முதன்முதலாக இந்த ஏற்பாடு சட்டத்தில் வந்தபோது சாவுக்கு 5,000 ரூபாய், பெருங்காயத்துக்கு 1,000 ரூபாய். 1988ம் வருஷத்துச் சட்டத்தில் 8,500 ரூபாயும் 2,000 ரூபாயும் ஆயிற்று. 1994ல் 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும் ஆயிற்று. அதன்பின் 28 ஆண்டுகள் ஒரு காசு ஏறவில்லை. அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, கார்களின் விலையும் வேகமும் ஏறின. ரோட்டில் விழுந்த ஏழையின் உயிர் மட்டும் 25,000 ரூபாயிலேயே நின்றது. 2019ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஏப்ரல் 1ந் தேதிதான் புதிய தொகை அமலுக்கு வந்தது.

மற்ற நாடுகளில் எப்படி? முதலாளித்துவ பிரிட்டனில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் 1946லேயே ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. ஓடிப்போன வண்டியால் அடிபட்டவருக்கு, அந்த வண்டி பிடிபட்டிருந்தால் கோர்ட்டில் எவ்வளவு கிடைத்திருக்குமோ அந்த அளவில் ஈடு கொடுக்க 1969ல் அங்கே ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜப்பானில் 1955ம் வருஷத்துச் சட்டப்படி, ஓடிப்போன வண்டிக்கு சர்க்காரே ஜவாப் சொல்லி ஈடு தருகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? பணம் எங்கிருந்து வருகிறது? வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கட்டாயமாக வசூலிக்கும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியத்திலிருந்து ஒரு சிறு பங்குதான் இந்த நிதிக்குப் போகிறது. அந்தப் பங்கைக் கூட்டினால் போதும். கம்பெனிகளின் லாபத்தில் ஒரு சிறு துளி குறையும். அதைத் தொடச் சர்க்காருக்கு மனம் வரவில்லை.

கேட்காதவருக்குக் கிடைக்காது, சொல்லாதவர் கேட்பதெப்படி?

சரி, இந்த 2 லட்சமாவது எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது?

கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். ரோட்டில் நொறுங்கி வரும் உடல்களைத் தினமும் பார்க்கிற டாக்டர் அவர். அந்த வழக்கில் 2024 ஜனவரி 12ந் தேதி நீதிபதிகள் அபய் ஓகா, பங்கஜ் மித்தல் இருவரும் பிறப்பித்த உத்தரவில் ஓர் உண்மை அம்பலமாயிற்று.

67,387 விபத்துக்களுக்கு எதிரே, 2022-23ம் நிதியாண்டில் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் எத்தனை? வெறும் 205! அவற்றிலும் பைசல் ஆனவை 95. ஆயிரம் விபத்துக்கு மூன்று மனு! ஒரே நாளில் நாட்டில் நடக்கும் ஓட்ட விபத்துக்களே ஏறத்தாழ 185. அப்படியானால் ஒரு வருஷம் முழுவதும் வந்த மனுக்கள், ஒரு நாள் விபத்துக் கணக்கைச் சற்றுத் தாண்டியவைதான். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலோ, நாடு முழுவதும் 660 சாவுகளுக்கும் 113 காயங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த மொத்தத் தொகை 184 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். ஒரு பணக்காரர் வாங்கும் ஒரு வெளிநாட்டுக் காரின் விலை!

மற்ற குடும்பங்கள் ஏன் கேட்கவில்லை? வேண்டாம் என்றா இருந்தார்கள்? இல்லை. இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவில்லை, தாலுகா ஆபீசில் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. பிரேத பரிசோதனை முடிந்து உடலைக் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அனுப்பிவிட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, பணம் நிதியில் இருந்தது, விதவை கூலி வேலைக்குப் போனாள்.

இதைக் கண்டுதான் சுப்ரீம் கோர்ட் சில கட்டளைகளை இட்டது. வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் இடித்த வண்டி எதுவென்று தெரியவில்லையானால், இன்ன திட்டத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று காயம்பட்டவருக்கோ மாண்டவரின் வாரிசுக்கோ போலீஸ் அதிகாரி எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மனுவை வாங்க வேண்டிய விசாரணை அதிகாரி யார், எங்கே இருக்கிறார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஸ்டேஷன் அதிகாரி விபத்து அறிக்கையை அந்த விசாரணை அதிகாரிக்கு ஒரு மாதத்துக்குள் தாமே அனுப்ப வேண்டும். ஜில்லாதோறும் ஒரு கண்காணிப்புக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர், விசாரணை அதிகாரி, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி ஆகியோர் இருக்க வேண்டும். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவது பற்றிப் பரிசீலிக்கும்படியும் மத்திய சர்க்காரைக் கோர்ட் கேட்டது.

நாம் கேட்கிறோம்: மதுரை ஜில்லாவில் இந்தக் கட்டளைக்குப் பிறகு எத்தனை குடும்பங்களுக்கு அந்தக் கடிதம் போயிற்று? கண்காணிப்புக் கமிட்டி எத்தனை தடவை கூடிற்று? எத்தனை மனுக்கள் கலெக்டர் மேஜைக்கு வந்தன, எத்தனை பைசலாயின? இந்தக் கணக்கை ஜனங்கள் முன் வைப்பதில் கலெக்டருக்கு என்ன கஷ்டம்?

பணம் ஓட்டிய வண்டி

ஓடிப்போகிறவர்களில் இரண்டு விதம் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதுவது நியாயமல்ல.

ஒரு விதம், பணத்தையும் செல்வாக்கையும் நம்பி ஓடுகிறவர்கள். 1999 ஜனவரி 10ந் தேதி விடியற்காலை டில்லியில் ஒரு விலையுயர்ந்த கார் 6 பேரைக் கொன்றது. அவர்களில் 3 பேர் போலீஸ்காரர்கள். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரின் பேரன். வழக்கு 13 ஆண்டுகள் நடந்தது. நடுவே 2007ல், அரசுத் தரப்பு வக்கீலும் எதிரித் தரப்பு வக்கீலும் கைகோத்துச் சாட்சியைத் திருப்ப முயன்ற காட்சி டெலிவிஷனில் வெளியாகி நாடே காறித் துப்பியது. 2012ல் சுப்ரீம் கோர்ட் குற்றத்தை உறுதி செய்தது. ஆனால் தண்டனையாக, ஏற்கனவே சிறையில் இருந்த 2 ஆண்டே போதும் என்றது. கூடவே 50 லட்சம் ரூபாய் கட்டவும் 2 ஆண்டு சமூக சேவை செய்யவும் உத்தரவிட்டது.

2002 செப்டம்பர் 28ந் தேதி பம்பாய் பாந்திராவில் நடைபாதையில் தூங்கிக் கொண்டிருந்த பேக்கரித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஒருவர் மாண்டார், நால்வர் காயமடைந்தனர். சினிமா நடிகர் சல்மான் கான் மீது வழக்கு. 2015 மே மாதம் செஷன்ஸ் கோர்ட் 5 ஆண்டு தண்டித்தது. அதே ஆண்டு டிசம்பரில், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று ஹைகோர்ட் விடுதலை செய்தது. தீர்ப்பைப் பற்றி நாம் பேச வரவில்லை. 13 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்த இரவில் காரை ஓட்டியது யார் என்ற ஒரே கேள்விக்குச் சர்க்கார் தரப்பால் நிற்கக்கூடிய பதிலைத் தர முடியவில்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு. நடைபாதையில் தூங்கியவரைக் கொன்றது யார் என்று இன்றுவரை கோர்ட்டில் நிலைநாட்டப்படவில்லை.

நமது மாநிலத்திலும் பார்த்தோம். 2024 ஜூனில் சென்னை பெசன்ட் நகரில், ரோட்டோரம் படுத்திருந்த பெயிண்டர் ஒருவர் மேல் சொகுசுக் கார் ஏறி அவர் மாண்டார். கார் நிற்காமல் போய்விட்டது. உறவினர்கள் போலீஸ் ஸ்டேஷன் முன் திரண்ட பிறகே வழக்கு வேகம் பிடித்தது. கைதான செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண்மணி உடனே ஜாமீனில் வெளியே வந்தார். அப்போது அமலில் இருந்த பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்ச தண்டனையே 2 ஆண்டு, ஜாமீன் தாராளம்.

இந்த வழக்குகளில் இடம் வேறு, வருஷம் வேறு. ஆனால் சங்கதி ஒன்றே. செத்தவர்கள் சாதாரண ஜனங்கள். ஓட்டியவருக்கு வக்கீல் உண்டு, வருஷக்கணக்கில் வழக்கை இழுக்கப் பணம் உண்டு. பல இடங்களில், "நான்தான் ஓட்டினேன்" என்று பழியை ஏற்கச் சம்பளத்துக்கு ஓர் ஏழை டிரைவரும் கிடைக்கிறார்.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்

இன்னொரு விதம், சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற தொழிலாளி. லாரியிலும் வேனிலும் ராவும் பகலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர். அவரும் நம் வர்க்கம்தான். அவர் அண்ணன் மில்லில் இருப்பார், தங்கை நாற்று நடுவாள். அவர் இடித்துவிட்டு ஓடினால் அதை நாம் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் ஏன் ஓடுகிறார் என்று கேட்போம்.

முதற் காரணம், தூக்கம் இல்லாத உடம்பு. 1961ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. தூர வழிகளில் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு. தொழிலாளர்கள் போராடிப் பெற்ற இந்தச் சட்டம் ரோட்டில் அமலானது எத்தனை நாள்? 2025 நவம்பரில் அந்தத் தனிச் சட்டமே தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. "காலை 4 மணிக்குள் லோடு மார்க்கெட்டில் இறங்க வேண்டும்" என்று கட்டளையிடுகிறவர் முதலாளி. விபத்து நடந்தால் கூண்டில் நிற்பவர் டிரைவர் ஒருவரே.

இரண்டாவது காரணம், கூட்டத்தின் அடி. இதை நம் மக்களிடமே சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த இடத்தில் டிரைவரை இழுத்துப் போட்டு அடிப்பது, வண்டிக்குத் தீ வைப்பது இவையெல்லாம் நியாயம் அல்ல. கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தால் பலன் என்ன? ஒருவரை அடித்தால் அடுத்த பத்துப் பேர் நிற்காமல் ஓடுகிறார்கள். ரோட்டில் ரத்தம் வழியக் கிடப்பவரைத் தூக்க வேண்டிய கைகள் டிரைவரின் சட்டையைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. முதலாளி அந்த இடத்தில் இருப்பதே இல்லை. நாம் அடிப்பது இன்னொரு கூலிக்காரனைத்தான்.

சட்டமே இதை உணர்ந்திருக்கிறது. 134வது பிரிவு என்ன சொல்கிறது? வண்டியை ஓட்டியவர் அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ முடியாவிட்டால் மட்டுமே விலக்கு. ஆனால் எக்காரணம் கொண்டும் கூடிய சீக்கிரத்தில், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆகவே டிரைவர் தோழர்களுக்கு நாம் சொல்வது: அடிக்குப் பயந்து இடத்தை விட்டு நகர்ந்தாயா? நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. வழியிலேயே 108க்குப் போன் போடு. உன் சங்கத்தையும் கூப்பிடு. அது உன்னைக் காப்பாற்றும். ஒளிந்தால் உனக்கும் கேடு, விழுந்தவனுக்கும் கேடு.

பத்து வருஷம் என்ற பூச்சாண்டி

2023ல் வந்த புதிய தண்டனைச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா, 106வது பிரிவில், அஜாக்கிரதையால் சாவு நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை என்றது. போலீசுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ சொல்லாமல் தப்பியோடினால் 10 ஆண்டு வரை சிறை என்று ஓர் உட்பிரிவையும் சேர்த்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. கலந்து பேசிய பிறகே அமல் செய்வோம் என்று மத்திய சர்க்கார் இறங்கி வந்தது. 2024 ஜூலை 1ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

தொழிலாளரைக் கலக்காமல் சட்டம் போட்டால் இதுதான் நடக்கும். ஆனால் நாம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி வேறு. பிடிபட்டவனுக்கு 2 ஆண்டா, 10 ஆண்டா என்று சண்டை நடக்கிறது. பிடிபடாதவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? யாரும் தேட மாட்டார்கள் என்று தெரிந்தவனுக்கு 10 ஆண்டும் ஒன்றுதான், 100 ஆண்டும் ஒன்றுதான். நிச்சயம் பிடிபடுவோம் என்று தெரிந்தால், சிறிய தண்டனையும் ஓடுகிறவன் காலைக் கட்டும். ஆகவே முதலில் வேண்டியது தேடுகிற போலீஸ்.

தேட வழி இல்லையா? நெடுஞ்சாலையில் டோல்கேட் இருக்கிறது. கட்டணம் வசூலிக்க ஒவ்வொரு வண்டியின் நம்பரும் ஒரு நொடியில் பதிவாகிறது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் கேமரா வைக்கச் சட்டத்தின் 136-ஏ பிரிவும், 2021ல் போட்ட விதியும் இருக்கின்றன. 2011 கணக்குப்படியே மதுரை அந்த வரம்பைத் தாண்டியாயிற்று. ஹெல்மெட் போடாத தொழிலாளிக்கு அபராதச் சீட்டு அனுப்பக் கேமராவுக்குக் கண் தெரிகிறது. மனிதனைக் கொன்றுவிட்டு ஓடும் காரைப் பார்க்க மட்டும் கண் அவிந்து போகிறதா?

133வது பிரிவும் இருக்கிறது. போலீஸ் கேட்டால், வண்டியை அன்று ஓட்டியது யார் என்று பெயரும் விலாசமும் தருவது வண்டி உரிமையாளரின் கடமை. "எனக்குத் தெரியாது" என்று முதலாளி தப்பிக்க முடியாது. இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பிரயோகித்தாலே பாதி வழக்குகளில் முடிச்சு அவிழும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்க முடியாது. ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் பின்வருவனவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வேலை உயிரைக் காப்பது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும் என்ற பயம் வேண்டாம். 2016ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் 2019ல் சேர்த்த 134-ஏ பிரிவும், உதவி செய்தவருக்குப் பாதுகாப்புத் தருகின்றன. பெயர் சொல்லும்படி கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே மாதம் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டம் 7 நாள் வரை 1½ லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சைக்கு வகை செய்தது. இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, தடயம். உடைந்த கண்ணாடித் துண்டு, பெயர்ந்த பெயின்ட், டயர்த் தடம் எதையும் அப்புறப்படுத்த விடாதீர்கள். போலீசாருக்குக் காட்டுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். அன்றைக்கே எழுத்துமூலம் போலீசாரிடம் கேட்டு அதைக் கைப்பற்றச் செய்யுங்கள்.

மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை. "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. பதிய மறுத்தால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவின்படி போலீஸ் சூப்பரின்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, மனு. ஒரு மாதத்தில் வண்டி கிடைக்காவிட்டால் போலீஸ் கடிதத்துக்காகக் காத்திராமல் தாசில்தார் அல்லது கோட்டாட்சி அலுவலகத்தில் விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு முதலாம் படிவத்தில் மனுக் கொடுங்கள். அவர் ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். 15 நாளில் கலெக்டர் உத்தரவிட வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் பாங்குக் கணக்குக்கு வர வேண்டும். வண்டி பிடிபட்டால் டிரிப்யூனல் வழக்கை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். முன்பு வாங்கிய தொகையை அதில் கழித்துக் கொள்வார்கள், மனுவே தள்ளுபடி ஆகாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரக் கடமைப்பட்டது.

படிக்கத் தெரியாத ஒரு தாயின் கையில் இந்த மனுவை எழுதிக் கொடுத்து, அவளோடு தாலுகா ஆபீஸ் வரை போகிற ஒரு தோழர் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். சுப்ரீம் கோர்ட் உத்தரவு பரவைக்குத் தானாக நடந்து வராது. நாம்தான் கூட்டி வர வேண்டும்.

நமது கோரிக்கைகள்

வண்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உயிருக்கு ஒரே அளவு ஈடு வேண்டும். அதற்கான பணத்தை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளிடம் வசூலிக்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட் சொன்ன கடிதம் தவறாமல் போக வேண்டும். விசாரணை அதிகாரியின் பெயரும் விலாசமும் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜில்லாக் கணக்கைக் கலெக்டர் வெளியிட வேண்டும்.

வண்டி உரிமையாளரையும் பொறுப்பாளி ஆக்க வேண்டும். டிரைவர்களுக்கு வேலை நேர வரம்பும் ஓய்வும் தங்குமிடமும் உறுதியாக வேண்டும். தண்டனைச் சட்டத்தைத் திருத்துமுன் அவர்களின் சங்கங்களைக் கலக்க வேண்டும்.

மதுரை-திண்டுக்கல் ரோட்டிலும் நாலுவழிச் சாலையிலும், ஜனங்கள் கடக்கும் இடங்களில் விளக்கும், நடைபாதையும், பாதுகாப்பான கடவையும், வேலை செய்கிற கேமராவும் வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. இந்தக் கோரிக்கைகளை மகஜராக எழுதி, ஓடிப்போன வண்டிகளால் ஆளை இழந்த குடும்பங்களை முன்னே நிறுத்தி, சங்கங்கள் அங்கே போகட்டும். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். கணக்கு கையில் வந்த பின், தெருவில் நின்று கேட்கட்டும்.

ஆலையை ஓட்டுகிறவர்களும் வயலை விளைவிக்கிறவர்களும் நடந்து போகும் ரோடு இது. அதில் அவர்கள் உயிருக்கு மதிப்பில்லை என்று இடித்துவிட்டு ஓடுகிறவன் நினைக்கலாம். அவனைத் தேடாத போலீசும், ஈடு கொடுக்காத சர்க்காரும் அதையே நினைக்க அனுமதிக்க மாட்டோம்!